தலைகீழான திரைக்குப் பழுதுநீக்கக் கட்டணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவிலுள்ள தட்டச்சு மையத்தில் மாணவர் ஒருவர் விளையாட்டாகக் கணினித் திரையைத் தலைகீழாக்கிவிட்டுச் சென்றதால், மையத்தை நடத்தும் அம்மையார், சுட்டியை மேலே நகர்த்தினால் அம்புக்குறி கீழே இறங்குவதைக் கண்டு பதறி, பழுதுபார்க்க வந்தவருக்கு 300 ரூபாய் கொடுத்து அனுப்பினார். அரை நாள் வேலையும் கெட்டது. உண்மையில் அங்கே பழுது என்று எதுவும் இல்லை. இன்டெல் நிறுவனத்தின் வரைகலை அமைப்பு (திரையில் காட்சியை உருவாக்கும் பகுதி) கொண்ட பழைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றோடு கீழ் அம்பு விசையை அழுத்தினால் திரை கவிழும். மேல் அம்பு விசையை அழுத்தினால் நிமிரும். இது பலிக்காத கணினிகளில், முகப்புத் திரையின் வெற்றிடத்தில் வலது சொடுக்கி, டிஸ்பிளே செட்டிங்ஸில் திரைத் திசையை லேண்ட்ஸ்கேப் (கிடைமட்டம்) என மாற்றினால் போதும்.

மெய்ப்புத் திருத்தும் எனக்கு இதே வசதி பேருதவி. திருப்பக்கூடிய தாங்கியில் நிற்கும் திரையைச் செங்குத்தாக்கி, திசையைப் போர்ட்ரெய்ட் என மாற்றினால், அகலம் 1920, உயரம் 1080 படப்புள்ளிகள் என்றிருந்த திரை, அகலம் 1080, உயரம் 1920 என ஆகிவிடுவதால், ஏ4 பக்கம் ஒன்று தலைப்பு முதல் அடிக்குறிப்பு வரை உருட்டாமலே படிக்கும் அளவில் தெரிகிறது. கண்ணுக்கு எவ்வளவு இதம்!

பிறர் பிழைப்புக்கு வைத்திருக்கும் கணினியில் இவ்விளையாட்டு வேண்டாம் என மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இவ்வழிமுறையைப் படங்களுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
மதுரை.