ஆக்டன் அம்மையாரை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு அடுப்படிக்குள் நுழைந்து வரலாறு பேசும் கட்டுரைகள் தமிழில் அதிகம் வருவதில்லை. அந்த வகையில் அது பாராட்டுக்குரியது. ஆனால், சமையல் குறிப்பில் பொருள்களையும் அவற்றின் அளவையும் நேரத்தையும் தனியே பிரித்துக் காட்டும் முறையைத் தொடங்கிவைத்தவர், 1861-இல் 'வீட்டு நிர்வாக நூல்' வெளியிட்ட இசபெல்லா பீட்டன்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதும், அவருக்கு முன்பே சமையல் நூல் எழுதிய எலிசா ஆக்டன் என்ற பெயரை ஓரிடத்தில்கூடக் குறிப்பிடாததும் என்னை வருந்தச் செய்தன. பள்ளியில் நெடுங்காலம் மனையியல் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எலிசா ஆக்டன் 1799-இல் சசெக்ஸ் மாவட்டத்திலுள்ள பேட்டில் என்னும் ஊரில் பிறந்தவர். 1826-இல் கவிதை நூல் ஒன்றை வெளியிட்டார். தந்தையின் தொழில் நொடித்துப்போன பிறகு, டன்பிரிட்ஜ் நகரில் தங்கும் விடுதி நடத்திவந்த தாயாருடன் வாழ்ந்தவர் அவர். 1845-இல் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட 'தனிக் குடும்பங்களுக்கான நவீன சமையல்' என்னும் அவருடைய நூல், அதில் உள்ள குறிப்புகள் யாவும் கண்டிப்பாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை என்று முகப்புப் பக்கத்திலேயே அறிவித்தது. அது வெறும் விளம்பரம் அன்று என்பது நூலைப் புரட்டிய எவருக்கும் தெரியும். குறிப்புகளின் இறுதியில், எந்தப் பொருள் எத்தனை அவுன்சு, எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகத் தொகுத்துத் தந்தவர் அவர். அதற்கு முந்தைய நூல்கள் பெரும்பாலும், ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு நினைவூட்டுவதுபோல எழுதப்பட்டவை. ஆக்டனோ, தன் நூலை இங்கிலாந்தின் இளம் இல்லத்தரசிகளுக்குக் காணிக்கையாக்கினார். தாயின் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பு இல்லாமல், புத்தகத்தை மட்டும் நம்பி அடுப்பின் முன் நிற்கும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதினார். ஒரு பண்டம் எந்த இடத்தில் கெடும், கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர் முன்கூட்டியே எச்சரிக்கும் பாங்கு, நல்ல ஆசிரியர் ஒருவருக்கு மட்டுமே வரக்கூடியது.

இசபெல்லா பீட்டனின் 'வீட்டு நிர்வாக நூல்' 1859 முதல் மாதப் பகுதிகளாக வெளிவந்து, 1861-இல் 1,112 பக்கங்கள் கொண்ட ஒரே நூலாக உருப்பெற்றது. அதில் குறிப்பின் தலைப்பகுதியில் பொருள்களின் பட்டியலும், பிறகு செய்முறை, நேரம், சராசரிச் செலவு, எத்தனை பேருக்குப் போதும், எந்தப் பருவத்துக்கு ஏற்றது என்னும் விவரங்களும் வரிசையாக அமைந்திருப்பது உண்மை. பட்டியலைக் கீழிருந்து மேலே கொண்டுவந்ததும், செலவுக் கணக்கையும் பருவத்தையும் சேர்த்ததும் சிறந்த பதிப்பாசிரியரின் வேலை. ஆயினும் அந்த அமைப்பின் வித்து ஆக்டனுடையது. அமைப்பு மட்டுமன்று, குறிப்புகளே பல அவருடையவை. ஆக்டனிடமிருந்தும், ஹானா கிளாஸ், எலிசபெத் ரஃபால்ட் முதலிய முந்தைய சமையல் நூலாசிரியர்களிடமிருந்தும் பெருமளவில் எடுத்துத் தொகுத்ததே பீட்டனின் சமையல் பகுதி என்பதை ஆய்வாளர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

'அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள்' என்று கட்டுரையாளர் பதில் சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹானா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட நூலில் இருந்த 972 குறிப்புகளில் 342 பிறருடைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சமையல் குறிப்பு ஊர்ப் பொதுச் சொத்தாகவே கருதப்பட்டது. ஆனால் ஆக்டன் அதை வாய்மூடி ஏற்றுக்கொண்டவர் அல்லர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1855-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், தன் நூலின் பல பகுதிகளைச் சமகால எழுத்தாளர்கள் மூலத்தைக் குறிப்பிடாமலேயே எடுத்துக்கொண்டார்கள் என்றும், ஆகவே தற்காப்புக்காகத் தன்னுடைய குறிப்புகள் பலவற்றில் 'ஆசிரியரின் சமையல் குறிப்பு' என்று அடையாளமிட நேர்ந்தது என்றும் எழுதினார். இந்த நூலுக்காக அளவுக்கு மீறி உழைத்ததன் தண்டனையை உடல் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, தன் உழைப்பின் பெயரையும் பணத்தையும் அந்நியர் எடுத்துக்கொள்வதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். இவ்வளவு சொல்லிவிட்டு 1859 பிப்ரவரியில் அவர் காலமானார். பீட்டனின் முதல் மாதப் பகுதி வெளிவந்தது அதே ஆண்டின் இறுதியில். மறுப்புச் சொல்ல அவர் அப்போது உயிரோடு இல்லை. இந்தக் காலவரிசையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அவருடைய நூலில் 'ஏழை எழுத்தாளரின் புட்டிங்' என்றும் 'பதிப்பாளரின் புட்டிங்' என்றும் இரண்டு குறிப்புகள் உள்ளன. முதலாவதில் பாலும் முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளும்தான் முதன்மை. இரண்டாவதில் பாதாம், பாலேடு, பிராந்தி எல்லாம் சேருகின்றன, எவ்வளவு செழிப்பாகச் செய்தாலும் தகும் என்ற சொல்லும் சேருகிறது. எழுதிப் பிழைத்த ஒரு பெண் தன் நிலையை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் கட்டுரை தவறவிட்டுவிட்டது. இந்திய முறையில் கறி சமைப்பது எப்படி என்பதை ஹானா கிளாஸ் 1747-லேயே அச்சிட்டிருக்கிறார். அதில் மிளகும் கொத்தமல்லி விதையும் உண்டு. ஆக்டன் நூறு ஆண்டுகள் கழித்து ஒரு கறிப்பொடிக்குத் தரும் அளவு: மஞ்சள் 8 அவுன்சு, கொத்தமல்லி 4, சீரகம் 2, வெந்தயம் 2, மிளகாய்த்தூள் அரை அவுன்சு. கொத்தமல்லியைவிட இரு மடங்கு மஞ்சள் என்றால் நம் வீடுகளில் யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அதே நூலில், கீழை நாட்டுக் கறிகள் சிறந்திருப்பதற்குக் காரணம் தங்கள் சமையற்காரர்களின் திறமைக் குறைவு மட்டுமன்று, பசுமையாகக் கிடைக்கும் பல பொருள்கள் இங்கிலாந்தில் கிடைக்காததும்தான் என்று அவர் நேர்மையாக எழுதுகிறார். ஆண்ட நாட்டின் சமையல் நூலாசிரியர் ஒருவரிடம் இந்த அடக்கத்தைக் காண்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இவ்வளவு சொல்வதால் பீட்டனைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். 1836-இல் பிறந்து, 1865-இல் நான்காம் குழந்தை பிறந்த கையோடு பிரசவக் காய்ச்சலில் 28 வயதில் மறைந்த அந்தப் பெண், இருபதுகளின் தொடக்கத்திலேயே இத்தனை பெரிய நூலை ஒழுங்குபடுத்தியது அரிய செயல். நூலின் முகப்பில் 'பதிப்பாசிரியர்' என்றுதான் அவர் தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டார். வாசகியர் பலர் அனுப்பிய குறிப்புகளுக்கு முன்னுரையில் நன்றியும் கூறினார். வீட்டு நிர்வாகச் சீர்கேட்டால் குடும்பங்கள் படும் துன்பமே தன்னை எழுதத் தூண்டியது என்றார். வரவு செலவை அன்றன்றே எழுதிவைத்து மாதம் ஒருமுறை சரிபார்ப்பது, திங்கட்கிழமை துணிகளைப் பிரித்துக் கணக்கெழுதி ஊறவைத்து மறுநாள் விடியலில் அடுப்பு மூட்டி வெளுப்பது என்று அவர் வகுக்கும் ஒழுங்கில்தான் அவருடைய கை தெரிகிறது. அப்பகுதியிலும் பழைய நூல்களின் சாயல் உண்டு. எனினும் ஒரு வீட்டை முழுமையாகப் பார்க்கும் பார்வை அவருடையது.

அந்தப் பகுதியைக் கட்டுரையாளர் இரண்டே பத்திகளில் கடந்துவிட்டார். ஆண்டு வருமானம் 1,000 பவுண்டு உள்ள வீட்டுக்குச் சமையற்காரி, இரு வீட்டுப் பணிப்பெண்கள், குழந்தை பார்ப்பவள், ஓர் ஆண் பணியாளர் என்று பீட்டன் பட்டியலிட்டதை மட்டும் எடுத்துக்காட்டி, 'ஆங்கிலேய இல்லம்' என்றால் இப்படித்தான் இருந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டார். அதே பட்டியலின் கடைசி வரி 150 அல்லது 200 பவுண்டு வருமானம் உள்ள வீட்டைப் பற்றியது. அங்கே எல்லா வேலைக்கும் ஒரே பெண். அவளுக்கு ஆண்டுச் சம்பளம் 9 முதல் 14 பவுண்டு. விடியுமுன் எழுந்து சன்னல் கதவுகளைத் திறந்து, அடுப்புச் சாம்பலை அள்ளி, இரும்பு அடுப்புக்குக் கருமை பூசித் துலக்கி, பிறகு காலை உணவைக் கவனித்து, இரவுவரை ஓயாமல் உழைத்தவள் அவள். பணியாளர்களிலேயே இரக்கத்துக்குரியவள் அவள் ஒருத்திதான், அவளுடைய வாழ்க்கை தனிமையானது, சில வீடுகளில் அவளுடைய வேலைக்கு முடிவே இல்லை என்று பீட்டனே எழுதியிருக்கிறார். அந்த வரியை விட்டுவிட்டு அந்நூலை அறிமுகப்படுத்துவது சரியன்று.

கேரட்டை இரண்டே கால் மணி நேரம் வேகவைக்கச் சொன்னார் என்று பீட்டனைக் கேலி செய்திருப்பதும் தேவையற்றது. அது முற்றிய பெரிய கேரட்டுக்கான நேரம். இளசுக்கு அரை மணி போதும் என்று அடுத்தாற்போலவே அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

உணவில் கலப்படம் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேதியியலாளர் ஃபிரெடெரிக் ஆக்கம் 1820-லேயே எச்சரித்த தீமை அது. 1850-களின் தொடக்கத்தில் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹசல் லண்டன் ரொட்டிகளைச் சோதித்து, அவற்றில் படிகாரம் கலந்திருப்பதை லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஆக்டன் 1857-இல், உடல் நலிந்திருந்த காலத்தில், ரொட்டியைப் பற்றித் தனி நூலே எழுதி, வீட்டில் ரொட்டி சுடும் பழக்கத்தை மீட்கப் பாடுபட்டார். கலப்படத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1860-லும் 1875-லும் வந்தன. வீட்டு நிர்வாகத்தின் வரலாற்றில் இதற்கு இடமில்லை என்றால் வேறு எங்கே இடம்?

கட்டுரைத் தொடர் அடுத்த இதழிலும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஆக்டனின் 1855 முன்னுரையின் அந்தப் பகுதியைத் தமிழில் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால், ஆர்லி ஹால் மாளிகையில் வீட்டு நிர்வாகியாக இருந்து, 1769-இல் தன் அனுபவத்தையே நூலாக்கி, 1773-இல் அதன் உரிமையை 1,400 பவுண்டுக்கு விற்ற எலிசபெத் ரஃபால்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.