சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கு ஓர் அறை வேண்டும்

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் வாழும் சொந்தங்களுக்கு வணக்கம்.

பிறையில் ஒரு கோயிலின் அன்னதான மண்டபத்தில் இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் ஒரு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறோம். பெற்றோர் சிலரும் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியைகள் இருவரும் சேர்ந்த சிறிய குழு எங்களுடையது. வகுப்புக்கு வருகிறவர்கள் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள். நன்றாகப் பேசுவார்கள், கேட்டதை மறக்க மாட்டார்கள், புத்தகத்தைத் திறந்ததும் தடுமாறுவார்கள். சிலருக்கு அதோடு எழுதுவதும் சிரமம், சிலருக்குக் கணக்கும் சிரமம். ஆறு பேரோடு தொடங்கினோம், இப்போது 23 பேர் வருகிறார்கள். இந்த வகுப்புக்கு ஓர் அறையும், தமிழில் கற்றுக்கொடுக்கச் சரியான பொருள்களும் வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் வருகிறோம்.

முதலில் வந்த ஆறு பேரில் ஒருவன் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் மடமடவென்று வாசிக்கிறான், பள்ளியில்தான் வாயைத் திறப்பதில்லை என்று அவன் அம்மா சொன்னார். எங்கள் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். வாய் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வரி, விரல் இருந்தது வேறு வரியில். தினமும் சாயங்காலம் அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்! ஒரு பக்கத்தைக் காதாலேயே பிடித்துக்கொள்ளும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த இடம் கடைசி வரிசை, கிடைத்த பெயர் சோம்பேறி.

அவன் அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர். காலையில் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நிற்பார். மூன்றாவது வாரம் உள்ளே வந்தார். "டீச்சர், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எந்த ஃபாரமா இருந்தாலும் வீட்டுல அவதான் நிரப்புவா" என்றார். டிஸ்லெக்சியா குடும்பவழியாக வரக்கூடியது என்று நாங்கள் படித்திருந்தோம். ஆனாலும் இத்தனை வருஷம் தன்னையே மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் அதை எங்கள் முன்னால் நின்று சொன்னபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. இப்போது அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிறார்.

இது இன்று நேற்று முளைத்த விஷயம் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவனுக்குக் கண்ணில் குறையில்லை, கணக்கு வரும், வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பார்ப்பதும் அந்த ஒலியை எழுத்தோடு பொருத்துவதும் இந்தப் பிள்ளைகளின் மூளைக்குக் கடினமாக இருக்கிறது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

தமிழில் இதன் சிரமம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் கேட்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்காகத்தான். 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்', அப்புறம்தான் 'எ'. எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். 'கௌ'வின் கடைசியில் நிற்பது 'ள'வைப் போலவே இருக்கிறது. 'கடல்', 'தங்கம்', 'மகள்' மூன்றிலும் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு வேறு. ழகரத்தையும் ளகரத்தையும் நாம் வீட்டில் பிரித்துச் சொல்வது அபூர்வம், அதனால் காது கைகொடுக்காது. பிள்ளை வாயில் 'போயிட்டு வரேன்' என்று இருப்பது புத்தகத்தில் 'போய்விட்டு வருகிறேன்' என்று நீண்டு கிடக்கிறது. மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் தெரியாமலேயே தாண்டிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். போதாக்குறைக்குத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வந்துவிடுகின்றன.

"தமிழ்தான் கஷ்டம், பள்ளியை மாற்றிவிடுங்கள்" என்று எங்கள் பெற்றோர் பலருக்கு அறிவுரை கிடைத்திருக்கிறது. மலாயில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் சில பிள்ளைகளுக்கு அது முதலில் கைவருகிறது, உண்மைதான். ஆனால் பள்ளியை மாற்றினால் டிஸ்லெக்சியா மாறாது, கூடவே வரும். ஆங்கிலத்தில் அது இன்னும் வாட்டும். பாட்டியிடம் கதை கேட்ட மொழி, கோபம் வந்தால் வாயில் வரும் மொழி எதுவோ, அந்த மொழியின் ஒலிகள்தான் பிள்ளைக்கு நெருக்கம். வாசிப்பை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் உறுதியான எண்ணம். 1816-இல் இதே பினாங்கில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. அந்த மண்ணில் ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறுகிறது என்பதற்காகத் தமிழை விட்டுப் போக வேண்டுமா?

வகுப்பில் தட்டில் அரிசி மாவைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறார்கள். சொல்லைக் கைதட்டிப் பிரிக்கிறார்கள். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹம் என்ற கல்வியாளரும் வகுத்த வழி இது. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் இதற்கான பொருள்களை வாங்க முடிகிறது. தமிழுக்கு எங்கள் ஆசிரியைகளே அட்டையை வெட்டி, வண்ணம் தீட்டிச் செய்துகொண்டிருக்கிறார்கள். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளையை மிரட்டத் தேவையில்லை. மெய்யெழுத்துகளை மரத்தில் செய்து, கொம்பையும் காலையும் சுழியையும் வேறு வண்ணத்தில் தனித்தனியாகக் கொடுத்தால், பிள்ளையே சேர்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. 'கெ'க்குக் கொம்பைத் தன் கையால் முன்னால் நகர்த்தி வைத்த பிள்ளை மறுவாரம் அதை மறப்பதில்லை. அட்டை கிழிந்துபோகிறது, மரம் நிற்கும்.

மண்டபத்துக்கு இதுவரை கோயில் நிர்வாகம் ஒரு சென்கூட வாங்கியதில்லை. அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் முகூர்த்த நாள்களில் பக்கத்திலேயே மேளம் ஒலிக்கிறது. 'ல'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசம் கேட்கப் பழகும் பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரமும் வீண். போன ஆண்டு பல சனிக்கிழமைகள் அப்படிப் போயின. இப்போது அருகிலேயே ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறை மாதம் 900 வெள்ளிக்குக் கிடைத்திருக்கிறது. வைப்புத்தொகையை எங்கள் பொருளாளர் தம் கையிலிருந்து போட்டுவிட்டார், அதைக் கீழே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

ஓராண்டு வாடகை 10,800 வெள்ளி. இரண்டு ஆசிரியைகளுக்குச் சனிக்கிழமைக்குத் தலா 100 வெள்ளி வீதம், மாதத்துக்கு நான்கு வாரம் என்று போட்டால் ஆண்டுக்கு 9,600. இதுவரை அவர்கள் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை, இனியும் அப்படியே விடுவது முறையில்லை. மின்சாரம், தண்ணீர், காகிதம் எல்லாம் சேர்த்து 1,800. மர எழுத்துப் பெட்டி ஒன்று 60 வெள்ளி ஆகிறது, முப்பது பெட்டிக்கு 1,800. மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் பெட்டி, மாவுத்தட்டு, ஆசிரியருக்கான சிறு கையேடு சேர்ந்த தொகுப்பு ஒன்று கொடுக்க விரும்புகிறோம். தொகுப்புக்கு 150 வெள்ளி என்றால் 4,200. கடைசியாக 6,000 வெள்ளி, பத்துப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைச் செலவில் ஆளுக்கு 600 தாங்குவதற்கு. அரசாங்க மருத்துவமனையில் காத்திருந்து பார்க்கலாம். காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையின் வயது ஏறிவிடுகிறது. எங்களில் ஒரு தாய் தனியாரிடம் 1,200 வெள்ளி கட்டினார், அதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தார்.

ஆக மொத்தம் 34,200 வெள்ளி. கையில் 8,350 இருக்கிறது, இன்னும் 25,850 வேண்டும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம். டிஸ்லெக்சியாவைத் தீர்த்துவைப்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது வாழ்நாள் முழுவதும் கூட இருப்பது. சரியாகக் கற்றுக்கொடுத்தால் வாசிக்க வரும், மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம். வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, எங்கள் பெற்றோர் ஒருவர் பல நூறு வெள்ளி செலவழித்தார். அப்படிச் செலவழிக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கவும் பயப்படாதீர்கள். சமூகநல இலாகா டிஸ்லெக்சியாவைக் கற்றல் சிக்கல் பிரிவில் சேர்த்திருக்கிறது. அடையாளம் காணப்பட்ட மாணவருக்கு எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். "அட்டை எடுத்தால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா" என்று கேட்ட பாட்டிகளோடும் பொறுமையாகப் பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதை முழுவதும் பந்தல் போட்டு, முன்பின் தெரியாதவருக்கும் மோரும் சோறும் கொடுக்கிற ஊர் இது. அந்தக் கை இங்கேயும் நீளும் என்று நம்புகிறோம். 60 வெள்ளி கொடுத்தால் ஒரு பிள்ளையின் கைக்கு ஒரு பெட்டி போய்விடும். 900 கொடுத்தால் ஒரு மாதம் அறை திறந்திருக்கும். ஐந்து வெள்ளிக்கும் ரசீது உண்டு. வருமான வரிச் சட்டம் 44(6)-இன்கீழ் எங்களுக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை, அதனால் இந்த ரசீதைக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது. கொடுப்பதற்கு முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் இல்லாமலும் உதவலாம். தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்கள் மிச்ச மரத்துண்டுகளைத் தாருங்கள். நிதானமாக, தெளிவாக வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் வந்து பாடங்களைக் குரல்பதிவு செய்து கொடுங்கள். பிள்ளை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே எழுத்தின்மேல் விரல் வைத்துப் போகும்.

சனிக்கிழமை காலை 9 மணி முதல் 12 வரை மண்டபத்தில் இருப்போம். நேரில் வந்து, வகுப்பைப் பார்த்து, பிறகு கொடுங்கள். வீடு வீடாக உண்டியல் எடுத்து வர மாட்டோம், எங்கள் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கை மாதக் கடைசியில் மண்டப வாசல் பலகையில் ஒட்டுகிறோம், அறை மாறிய பிறகு புதிய இடத்தின் கதவில் ஒட்டுவோம். முதல் மாத வாடகையை அடுத்த மாதம் முதல் தேதிக்குள் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக் குழுவினர்
பிறை, பினாங்கு