மில்டன் தலையில் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அச்சுச் சுதந்திரக் கட்டுரையில், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ஒரே ஒரு சிறுநூல், அச்சிடுமுன் அனுமதி வாங்கச் சொன்ன இங்கிலாந்தின் அச்சு உரிமச் சட்டத்தை வீழ்த்திவிட்டதாக ஒரு வரி வந்திருக்கிறது. தாங்கள் அறியாததல்ல, மில்டன் எழுதியது 1644-இல். அதற்குப் பிறகுதான் 1662-இல் இன்னும் கெடுபிடியான சட்டம் வந்தது. அது காலாவதியானது 1695-இல். இதற்கிடையே, 1651-இல், அதே மில்டன் அரசுச் செய்தித்தாள் ஒன்றுக்கு அனுமதிக் கையெழுத்துப் போடும் வேலையிலும் இருந்தார். கட்டுரையாளருக்கு இது தெரியாதா, அல்லது தெரிந்தால் கதை சுவைக்காது என்று விட்டுவிட்டாரா?

1695-இல் சட்டத்தைப் புதுப்பிக்க மறுத்த மக்களவை, பிரபுக்கள் சபைக்கு 18 காரணங்கள் எழுதி அனுப்பியது. தத்துவவாதி ஜான் லாக்கின் கை அதில் உண்டு. படித்துப் பார்த்தால் கடைத்தெருப் புகார் மாதிரி இருக்கும்: லண்டன் அச்சகக்காரர்கள், புத்தக வியாபாரிகளின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் ஏகபோகம், வெளிநாட்டுப் புத்தகங்கள் லண்டன் துறைமுகம் வழியாக மட்டுமே வரவேண்டியிருந்த தொல்லை, அச்சுப்பொறிக்கு இரும்பு வேலை செய்யும் கொல்லன்கூட கம்பெனிக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதி. சிந்தனைச் சுதந்திரம் பற்றிய பெரிய வசனம் எதுவும் இல்லை. வியாபாரிகளின் எரிச்சல் செய்த வேலையைக் கவிஞர் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

அனுமதியையும் பதிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது அடுத்த கொடுமை. ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றத்தின் 1637-ஆம் ஆண்டு ஆணைப்படி, அனுமதி தருபவரிடம் கையெழுத்துப் பிரதி இரண்டு கொடுக்க வேண்டும். சட்ட நூலென்றால் தலைமை நீதிபதிகள், வரலாறும் அரசியலும் என்றால் அரசுச் செயலர், மற்றவை பெரும்பாலும் கேன்டர்பரி பேராயர் அல்லது லண்டன் பிஷப். ஒரு பிரதி அனுமதித்தவரிடமே தங்கிவிடும். கையெழுத்து வாங்கியபின் உள்ளே ஒரு பத்தியைச் செருகினால் ஒப்பிட்டுப் பிடிக்கத்தான். கம்பெனிப் பதிவேட்டில் காசு கட்டிப் பதிவது வேறு சங்கதி. அது இந்த நூலை அச்சிடும் உரிமை யாருக்கு என்பதற்கு. முதலாவது அரசுக்காக, இரண்டாவது சக அச்சகக்காரன் திருடாமலிருக்க.

அதே ஆணை அச்சக முதலாளிகளை 20 பேராகவும், எழுத்து வார்ப்பவர்களை நாடு முழுக்க 4 பேராகவும் நிறுத்தியது. வார்ப்பவன்மேல் ஏன் கண்? மரப் பொறியை ஒரு தச்சனை வைத்துச் செய்துகொள்ளலாம், எழுத்தை அப்படிச் செய்ய முடியாது. தேய்ந்த எழுத்தும் உடைந்த பூ வேலைப்பாடும் எந்த அச்சகம் என்று காட்டிக்கொடுத்துவிடும். பிஷப்புகளைக் கிண்டலடித்த மார்ப்ரிலேட் துண்டு நூல்களின் அச்சகம் 1589-இல் ஊர் ஊராக ஓடியபோது, வாரிங்டனில் வண்டியிலிருந்து இறக்கையில் எழுத்துகள் சில தெருவில் சிந்தின. 'துப்பாக்கி ரவை' என்று சொல்லிச் சமாளித்தார்கள். ஆனாலும் அந்த ஆகஸ்டிலேயே மான்செஸ்டர் அருகே பிடிபட்டார்கள். ஃபாரம், அதாவது கோத்த எழுத்தை இறுக்கிய சட்டகம், பூட்டிப் பழகிய எவனுக்கும் அச்சகத்தை ஒளிப்பது எவ்வளவு கடினம் என்று புரியும்: பூட்டைத் தளர்த்தி நொடியில் கலைத்துவிடலாம், கலைந்ததைக் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், பிரித்துப் போட அரை நாள் போய்விடும். ஈரம் கொடுத்து அச்சடித்த தாளும் உடனே காயாது.

தொழிலாளியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 1587 வாக்கில் கம்பெனியே ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஒருமுறை கோத்த எழுத்தில் சாதாரண நூலை 1,250 அல்லது 1,500 பிரதிக்கு மேல் ஓட்டக்கூடாது. மறுபதிப்பு வேண்டுமானால் மறுபடி கோக்க வேண்டும். இது தணிக்கையே அல்ல, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்குக் கூலி. கம்பாசிட்டர் என்றொரு சாதி இருந்ததே பத்திரிகைகளுக்கு மறந்துவிட்டது போலும்.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. '17-ஆம் நூற்றாண்டு லண்டன் அச்சகம்' என்று போட்டிருப்பது 19-ஆம் நூற்றாண்டின் இரும்புப் பொறி. முந்தையது மரம், அதன் அழுத்துபலகை ஃபாரத்தில் பாதியைத்தான் மூடும். தாளின் ஒரு பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. ஒருவர் தோல் உருண்டையால் மை தட்ட, ஒருவர் நெம்புகோலை இழுக்க, மணிக்கு 250 தாள் ஒரு பக்கம் என்பது அன்றைய கணக்கு. முன்பு கூட்டன்பர்க் காகிதத்தைக் கண்டுபிடித்ததாக நீங்கள் எழுதியபோதும் கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அச்சிட்டவர் பெயரைப் போட வேண்டும் என்பதும் 1637 ஆணையில் உண்டு. இந்தியாவிலும் 1835, 1867 சட்டங்கள் அதையே கேட்டன. தாங்களும் கடைசிப் பக்கத்தில் இதழ்தோறும் தவறாமல் போடுகிறீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. படத்தின் கீழுள்ள வரியையும் மில்டன் வரியையும் அடுத்த இதழில் திருத்துங்கள். இந்தக் கடிதத்தை வழக்கம்போல் சுருக்குவதானால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள். ஆண்டுகளில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கம்பாசிட்டர் ஒருவர்,
சிவகாசி