பழைய கொம்பைலருக்குத் திரும்புவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்கட்கு,

தாம் எழுதிய சிறிய பணிசெயல் முறைமை (ஒப்பரேட்டிங் சிஸ்டம்), கொம்பைலரை, அதாவது எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைப் புதுப்பித்த பின் தொடங்க மறுக்கிறது என்று கேட்ட மாணவருக்கு, பழைய கொம்பைலரையே மீண்டும் நிறுவுமாறு தங்கள் பத்திரிகையின் கணினிக் கேள்வி பதில் பகுதியில் ஆலோசனை கூறப்பட்டிருந்தது. அதனுடன் எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ இதே கோளாற்றை எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்தே பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் மாலையில் படிக்க வரும் உயர்தர மாணவர் ஒருவர் தமது மடிக்கணினியில் இருந்த உபுண்டு என்ற பணிசெயல் முறைமையை 20.04ஆம் பதிப்பிலிருந்து 22.04க்கு மாற்றினார். அதனுடன் ஜீசீசீ கொம்பைலரும் 9ஆம் பதிப்பிலிருந்து 11ஆம் பதிப்புக்கு வந்துவிட்டது. செய்நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆயினும் ஒரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் க்யூஎமு என்ற மென்பொருளில் இயக்கியதும் திரை கறுத்தது, தானாக மீளத் தொடங்கியது, மறுபடியும் கறுத்தது. திரையே உயிர்பெறாதபோது பிழைச்செய்தி எங்கிருந்து வரும்? ஆகவே ஒவ்வொரு படி முடிந்ததும், திரையின் உதவியின்றியே எழுத்துகளை வெளியே அனுப்பும் சீரியல் போர்ட் வழியே ஓர் எழுத்தை அனுப்பச் செய்தோம். முதலெழுத்து வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவது வரவேயில்லை. இடையில் இருந்தது, நினைவகத்தைப் பூச்சியத்தால் நிரப்பும் மெம்செட் என்ற சார்பு (ஃபங்ஷன்) மட்டுமே. ஆறே வரி; அதில் என்ன பிழை இருந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

ஒப்ஜ்டம்ப் என்ற கருவி மூலம் இயந்திரக் கட்டளைகளை விரித்துப் பார்த்தால், மெம்செட்டுக்குள் மெம்செட்டையே அழைக்கும் கட்டளை இருந்தது! அது முடிவின்றித் தன்னையே அழைத்துக்கொண்டிருந்தது. நினைவகத்தில் ஒரே மதிப்பை வரிசையாக எழுதும் சுற்றை (லூப்) கண்டால் அதை மெம்செட் அழைப்பாக மாற்றிவிடும் உத்தி ஜீசீசீயில் முன்பே உண்டு. நிரலை வேகப்படுத்தக் கொம்பைலருக்குச் சொல்லும் நிலைகளுள், 9ஆம் பதிப்பு வரை ஓ3 நிலையில் மட்டும் தானாக இயங்கிய அது, 10ஆம் பதிப்பிலிருந்து அதற்குக் கீழான ஓ2 நிலையிலேயே இயங்குகிறது. நூலகமின்றித் தனித்தியங்கும் செய்நிரலிலும் மெம்செட், மெம்கொப்பி போன்ற நான்கு சார்புகளை ஜீசீசீ எதிர்பார்க்கும் என்று அதன் கையேடே கூறுகிறது. மெம்செட் இருந்த கோப்புக்கு மட்டும், அந்த உத்தியைத் தடுக்கும் ‘எஃப் நோ ட்ரீ லூப் டிஸ்ட்ரிபியூட் பாட்டர்ன்ஸ்’ என்ற தெரிவைச் சேர்த்ததும் மூன்றாவது எழுத்து வந்தது. பின்னர் பழைய 9ஆம் பதிப்பில் ஓ3 நிலையில் தொகுத்துப் பார்த்தோம்; அதே கறுப்புத் திரை. குறை எங்கள் கோப்பில்தான் இருந்தது.

கொம்பைலரில் பிழையே இராது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகிப்பதே முறை. 2020இல் லினக்ஸ் முறைமையின் மையப் பகுதியான கருவும் ஜீசீசீ 10இல் தொகுத்தபோது தொடக்கத்திலேயே விழுந்தது. கணினியின் ஏனைய சிபியூக்கள் விழித்ததும் இயக்கும் ஒரு சார்பு, அடுக்கின் (சார்புகள் தம் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதியின்) காவல் மதிப்பை, அதாவது அது சிதைந்ததா என்று அறிய வைக்கும் எண்ணைத் தன் உடலுக்குள்ளேயே மாற்றி அமைக்கிறது. திரும்பி வராத சார்பு என்பதால் அம்மதிப்பைச் சரிபார்க்கும் கட்டம் அதுவரை வந்ததில்லை. புதிய கொம்பைலரோ அச்சார்பின் இறுதி அழைப்பை, திரும்பி வரத் தேவையில்லாத வெறும் தாவலாக மாற்றி, தாவுமுன் அம்மதிப்பைச் சரிபார்த்தது. அடுக்கு சிதைந்ததாகக் கூறிக் கரு நின்றுவிட்டது. லினக்ஸ் கருவின் நிரலாளர்களுள் ஒருவரான பொரிஸ்லாவ் பெட்கோவ் அளித்த திருத்தம், அந்த அழைப்பு தாவலாகாதபடி கருவின் நிரலிலேயே தடுத்தது.

இனி இத்தகைய கேள்வி வருமாயின், பதிப்பு எண்ணோடு, எந்த எழுத்து வரை வந்தது என்பதையும், அந்த இடத்து ஒப்ஜ்டம்ப் வெளியீட்டையும் சேர்த்து அனுப்புமாறு பதிலளிப்பவர் கேட்டு வாங்குவாராக.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.