கறுப்பி சாந்தமாகிவிட்டதாக நீ எழுதியது பற்றி

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மார்த்தாண்டத்துக்கே மாறுதல் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், இனி மைனி சாயங்காலம் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். இடவப்பாதி இந்த வருஷம் ஒழுங்காகப் பெய்கிறது, குலசேகரத்தில் உனக்கு ரப்பர் பால்வெட்டு நின்றிருக்கும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பூனை கறுப்பிக்கு 13 வயதாகிவிட்டது, இப்போது ரொம்ப சாந்தம், பரண் மேல் ஏறுவதே இல்லை, எலி ஓடினாலும் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், முதுகில் கை வைத்தால் மட்டும் சீறுகிறாள் என்று. ஏன் மக்கா, சாந்தமான பூச்சை எதற்குச் சீறப் போகிறது? அதற்கு மூட்டு வலியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாய் என்றால் விந்தி விந்தி நடக்கும், தெருவில் போகிறவன்கூடச் சொல்லிவிடுவான். பூச்சை பெரும்பாலும் நொண்டாது. இரண்டு பக்க மூட்டும் சேர்ந்தே தேய்வதால் எந்தக் காலைத் தூக்கி வைத்து நடக்கும்? நோகிற காரியத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், நாமும் வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். ஆகவே அது என்ன செய்கிறது என்று பார்க்காதே, முன்பு செய்ததில் எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறது என்று பார். ஒரே தாவலில் திண்ணையில் ஏறியது இப்போது நடுவில் ஒரு நாற்காலியைத் தேடுகிறதா? இறங்கும்போது முன்கால் தரையில் படுகிற வரைக்கும் தயங்குகிறதா? இடுப்புப் பக்கம் ரோமம் சிக்குப்பிடித்துக் கிடக்கிறதா? உடம்பை வளைத்து நக்க முடியாத பூச்சைக்குத்தான் அப்படி ஆகும். நகத்தையும் பார், எங்கும் பிராண்டாமல் வளர்ந்து, நடக்கும்போது தரையில் டக் டக்கென்று கேட்கும். மண்தட்டில் வெளிக்குப் போகாமல் பக்கத்தில் போய்விடுகிறாள் என்று மைனி திட்டுவதாக எழுதியிருந்தாயே, தட்டின் விளிம்பு உயரமா என்று முதலில் பார். அமெரிக்காவில் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை எடுத்துப் பார்த்து, அதில் 90க்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாக 2002இல் எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிவதெல்லாம் அதே அளவுக்கு வலிக்கும் என்றில்லை, லேசாகத் தெரிவது நன்றாக வலிக்கவும் செய்யும், அது வேறு விஷயம்.

எங்கள் நாய் மணிக்கு இது வந்துதான் நான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். லாப்ரடார் கலப்பு, பின்னங்கால் இடுப்பு மூட்டு. காலையில் எழும்போது கட்டை போல இருப்பான், தெருமுனை வரை நடந்தால் இளகிவிடும், மத்தியானம் படுத்து எழுந்தால் மறுபடியும் அதே கதை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் முதலில் ரத்தம்தான் எடுத்தார், ஏனென்றால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் நாய்க்கு மூட்டு நோகும், நொண்டும், அதற்கு மருந்தே வேறு. அது இல்லையென்று ஆன பிறகுதான் தேய்மானம் என்றார். தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது, வலியைக் குறைத்து நடமாட வைக்கலாம் என்று நேராகவே சொல்லிவிட்டார், எனக்கு அது பிடித்திருந்தது.

மாத்திரையைவிடப் பெரிய வைத்தியம் எடையைக் குறைப்பதுதானாம். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு 14 வருஷம் பார்த்திருக்கிறார்கள். குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அதிகமாக வாழ்ந்தன, மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் பிந்தித்தான். இதை அம்மாவிடம் சொன்னால் யார் கேட்கிறார்கள், ஆளில்லாத நேரம் பார்த்து மணிக்குப் புட்டு போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் தரை. புது வீட்டு டைல்ஸில் அவனுக்குக் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்தது, இப்போது சாப்பாட்டுத் தட்டிலிருந்து வாசல்வரை தேங்காய்நார் மிதியடி போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள், பரவாயில்லை. ஒரேயடியாக ஒழுகினசேரி வரை கூட்டிப்போய் வருவதை நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரமாக அடிக்கடி நடத்துகிறேன். கறுப்பிக்கென்றால் பரணுக்குக் கீழே ஒரு பெட்டியும் ஒரு முக்காலியும் படி மாதிரி போட்டுக் கொடு, மழை ஈரம் படாத மூலையில் பழைய கம்பளியை மடித்து வை, மண்தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிடு.

இனி சொல்வதை மைனிக்கும் வாசித்துக் காட்டு. நமக்கு வாங்கி வைத்திருக்கிற வலி மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பூச்சைக்கு விஷம், அதன் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் வழி கிடையாது, ரத்தமே கெட்டுப்போய் ஒரு மாத்திரையில் செத்துவிடும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கே வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தானே செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை வடக்கே அழித்தது, 2006இல் மாட்டு வைத்தியத்துக்கு அதைத் தடை செய்து அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் என்றார்கள். மணிக்கும் அந்த மெலாக்சிகாம்தான் கொடுக்கிறோம். அதற்காக மணியின் மருந்தில் கொஞ்சம் அனுப்பு என்று கேட்காதே. பூச்சைக்கு எடை பார்த்துச் சொட்டுக் கணக்கில்தான் கொடுப்பார்கள், வயசான பூச்சைக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருக்கலாம் என்பதால் ரத்தம் பார்த்துவிட்டே கொடுப்பார்கள்.

வர்ம தைலம் தேய்த்துவிடலாம் என்று மைனிக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். தேய்த்ததை அது நக்கிவிடும் மக்கா, கற்பூரம் சேர்ந்த எண்ணெய் உள்ளே போனால் வேறு ஆபத்து. வேண்டுமானால் உப்பும் மிளகும் போடாமல் அவித்த சாளை மீனை முள் எடுத்துக் கொஞ்சம் கொடுக்கட்டும், அந்த மீன் கொழுப்பு மூட்டு வீக்கத்துக்கு நல்லது, ஆனால் மருந்துக்கு அது ஈடாகாது. மூட்டுக்கென்று குளுக்கோசமீன் என்று ஒரு டப்பாவும் விற்கிறார்கள், விலைக்குத் தக்க பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் உன் போனில் அவள் படியேறுவதையும் திண்ணையிலிருந்து இறங்குவதையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள். கூடையைத் திறந்ததும் பூச்சை மேசைமேல் பயத்தில் கல்லாக உட்கார்ந்துவிடும், டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. எனக்கும் அதை அனுப்பு. நாகர்கோவிலுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் முந்தின நாளே சொல், நானும் கூட வருகிறேன். வரும்போது மழையில் சப்பென்று ஆவதற்குள் ஒரு பலாச் சக்கையும் பறித்துக்கொண்டு வா, வருக்கைதான் வேண்டும், போன தடவை மாதிரி கூழனைக் கொண்டுவந்து ஏமாற்றாதே.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி