சேகருக்கு: வீட்டுக்குள் இருக்கும் காற்று பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீடு லின்டல் மட்டத்துக்கு வந்துவிட்டதில் சந்தோஷம். மகளுக்கு ஆறாம் மாதம் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர.

பொங்கலுக்கு வந்த பையன், காற்றை அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதில் இரண்டு எண்கள் ஓடும். ஒன்று கார்பன் டை ஆக்சைடு. மற்றது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான், நுரையீரலின் அடிவரை போய்விடும்.

ராத்திரி கதவைச் சாத்தி ஏசி போட்டுப் படுத்தால், விடியும்போது முதல் எண் 2,000 பிபிஎம்மைத் தாண்டி நிற்கிறது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு. வெளிக்காற்றில் அது சுமார் 420. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதே இல்லையாம். அறையில் இருப்பதையே குளிராக்கிச் சுற்றவிடுகிறது. 2,000 ஒன்றும் விஷமில்லை. ஆனால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒருவருக்குச் சளி என்றால் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். 1,000-ஐத் தாண்டக் கூடாது என்று 1858-லேயே மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் எழுதிவிட்டார்.

ஜன்னலைத் திறந்தால் போச்சு என்பாய். போகியன்று விடியற்காலை திறந்தேன். முதல் எண் மளமளவென்று இறங்கியது, இரண்டாவது 200-க்கு மேல் ஏறிவிட்டது! நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்று மூக்கை நம்ப முடியாது. அது பத்து நிமிஷத்தில் எதற்கும் பழகிவிடும்.

கொசுவத்தியை அடியோடு நிறுத்திவிட்டோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்கு நுண்துகள் விடுகிறது என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இப்போது கொசுவலைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துப் போடு என்பதோடு சரி.

கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. இட்லிப் பானையைத் திறந்தால் நீராவித் துளியையும் தூசிக் கணக்கில் சேர்த்து எகிறுகிறது. நீ வாங்குவதானால் கார்பன் டை ஆக்சைடுக்கு என்டிஐஆர் சென்சார், அதாவது அகச்சிவப்புக் கதிரால் அந்த வாயுவையே அளக்கும் சென்சார், இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. மலிவானவை வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிடும்.

அதைவிட அவசரம், சுவர் மேலே எழும்புவதற்குள் கொத்தனாரிடம் சொல்லி ஒவ்வொரு படுக்கையறையிலும் வென்டிலேட்டர் வைக்கச் சொல். ஏசி போடும் அறைக்கு எதற்கு என்பார், விடாதே. தாளிக்கும் புகை அறைக்குள் பரவாமல் வெளியேற அடுப்பு மேடைக்கு மேலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் வரட்டும். பெயின்ட் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. கைக்குழந்தை வரப்போகிற வீடு, வாடை போகச் சில வாரம் திறந்து கிடக்கட்டும்.

ஆவணியில் கிரகப்பிரவேசம் என்றால் தேதியை முன்கூட்டியே எழுது. ரயிலில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது.

அன்புடன்,
ராமு