முன்பக்கத்தை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழம்பொருட்களைக் கொண்டு வரவேற்பறையை அழகுபடுத்துவது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், நிறம் மங்கியிருப்பதையும் மேற்பரப்பில் கறை படிந்திருப்பதையும் பழமைக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்று எழுதப்பட்டிருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நெடுநாளாகப் பொருள் பார்த்து வருகிறவன் என்ற முறையில் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. போலி செய்கிறவர் முதலில் உண்டாக்கிக்கொள்வதே மங்கலும் கறையும்தான்; அதற்குத் தேயிலைச் சாறும் கொஞ்சம் வெயிலும் போதும்.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்ததாகச் சொல்லி அதிகம் விற்கப்படும் ரவிவர்மா படங்களையே எடுத்துக்கொள்வோம். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில், வண்ணத்துக்கு ஒரு கல் என்ற கணக்கில் பல சுண்ணாம்புக் கற்களிலிருந்து அச்சிடப்பட்டவை இவை. நகைக்கடையில் பயன்படும் பத்து மடங்கு லென்ஸை வைத்து லட்சுமியின் கன்னத்தையோ புடவை மடிப்பையோ பார்த்தால், கையால் இட்ட ஒழுங்கற்ற புள்ளிகளும் இடையிடையே திட்டுத்திட்டான முழு வண்ணமும் தெரியும். ஆஃப்செட் என்ற இக்கால எந்திர முறையில் அச்சிட்ட நகலிலோ நான்கே மைகளின் புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூக்களைப் போல அமைந்திருக்கும். எவ்வளவு தேயிலைச் சாறு பூசினாலும் அந்த வரிசை மறையாது. படத்தின் அடியில் கார்லா, லோனாவ்லா என்ற ஊர்ப்பெயர்கள் இருந்தால், அச்சகம் பம்பாயை விட்டு அப்பகுதிக்கு மாறிய பிறகு அச்சான படம் அது என்று பொருள். அப்படிப்பட்ட படத்தைக் காட்டி, 'அச்சகம் தொடங்கிய வருடமே வந்த முதல் பிரதி' என்று சொல்கிறவரிடம் பேரம் பேசுவதே வீண். ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறிய பின்னும் அச்சகம் பல காலம் இயங்கியதால், அசல் படங்களுக்குள்ளேயே வயது வித்தியாசம் உண்டு என்பதையும் வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

முழுப் போலியைவிடப் பாதிப் போலிதான் கண்டுபிடிக்கக் கடினமானது. பர்மா தேக்குச் சட்டமும் அலையலையான கண்ணாடியும் மெய்யாகவே பழையவையாக இருக்க, உள்ளே படம் மட்டும் புதிதாக இருக்கும். எனவே பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். பல்லாண்டு சட்டத்துக்குள் இருந்த தாளில், சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரம் வெளிச்சம் படாததால் மற்ற பகுதியிலிருந்து நிறம் வேறுபட்டிருக்கும். பலகையோடு ஒட்டிக் கிடந்த பின்புறம் பழுப்பேறியிருக்கும். தாள் முழுதும் ஒரே சீரான பழுப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆணியைச் சுற்றி மரத்தில் புதுக் கீறல்கள் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பெல்ஜியம் கண்ணாடிக்கும் இதே கண்தான் வேண்டும். ரசம் பெரும்பாலும் ஈரம் புகும் ஓரங்களிலிருந்து உரியத் தொடங்கும்; ஓரமெல்லாம் பளிச்சென்றிருக்க நடுவில் மட்டும் அழகாகப் புள்ளி விழுந்த கண்ணாடியை நான் வாங்க மாட்டேன். தஞ்சாவூர் ஓவியத்தின் பின்னால் பிளைவுட் இருந்தால் அது சரபோஜி மன்னர் காலத்தது அல்ல. அதனால் ஓவியம் மட்டம் என்றும் ஆகிவிடாது, சொல்லப்படும் வயதுதான் பொய். பளபளக்கும் பித்தளைக் குழாயோடு, நாய் உருவம் புடைத்த பித்தளைத் தகடு பெட்டியில் அறையப்பட்ட கிராமபோன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை பழைய உதிரிப் பாகங்களோடு புதுப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவை.

பொருளின் வயதையும், எதனால் ஆனது என்பதையும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்பது வாங்குகிறவரின் உரிமை. நூறாண்டு கடந்த பொருள் என்று உறுதி சொல்லி விற்கிறவரிடம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அவ்வியாபாரத்துக்கான உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். வாய்மொழியாக நூற்றைம்பது வருடம் என்று சொன்ன பலர், இந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகு 'பழைய மாடல்' என்று மட்டும் ரசீதில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, பொருட்களின் பின்புறப் படங்களையும் சேர்த்து அச்சிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.